முதற்சொல்

கந்தப்பளையில் வசிக்கும் என் அக்கா கடந்த மூன்று ஆண்டுகளாகக் காலைதோறும் எனக்கு அனுப்பிவரும் முதற்செய்தி ஒரே ஒரு சொல்தான்: ‘கொழுந்து’. விடயம் அறியாதவர்கள் பார்த்தால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஏதோ சங்கேதம் என்று எண்ணக்கூடும். நாங்கள் குடும்பத்துக்குள் ஆடுகின்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் அவருடைய முதல் ஊகம் அது. அந்த முதற்சொல்லை மாற்றிப் பார்க்கும்படி நானும், ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகனும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையிடம் வாதிட்டு வென்றவர் எவரும் உளரோ, நானறியேன்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு வேர்டில் வழியாக வந்தது. வேல்ஸில் பிறந்து நியூ யோர்க்கின் புரூக்ளினில் வசித்த ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியியலாளர், சொற்புதிர்களில் பிரியமுள்ள தம் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கிய விளையாட்டு அது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சரியான எழுத்து வேறிடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லாத எழுத்துக்குச் சாம்பல் நிறம். நாளொன்றுக்கு ஒரு சொல், உலகம் முழுவதற்கும் அதே சொல். 2021 நவம்பர் முதலாம் திகதி அதனை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி தொடக்கத்தில் அந்தத் தொகை 300,000. அம்மாத இறுதியில் நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகை அதனை விலைக்கு வாங்கிவிட்டது. ஒரு பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. ஆசிரியத் தலையங்கத்தைப் படிக்காதவர்களும் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு பிழை வந்தால் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள் என்பதை என் முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டவன் நான்.

முதற்சொல் எது என்ற ஆராய்ச்சியும் அப்போதே தொடங்கியது. ஏ, ஈ, ஐ, யூ என்ற நான்கு உயிரெழுத்துகளையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம் என்பதால் ‘அடியூ’ என்ற சொல்லை ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள். கணினி அதனை அவ்வளவாக மதிப்பதில்லை. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பெர்ட்சிமாஸ், பாஸ்கோவ் என்ற இருவர் 2022 இல் எல்லா வழிகளையும் கணக்கிட்டு ‘சலெட்’ என்ற சொல்லே மிகச் சிறந்தது என்றார்கள். பழங்காலத் தலைக்கவசம் ஒன்றின் பெயர் அது. அதிலிருந்து தொடங்கிப் பிழையின்றி ஆடினால் சராசரியாக 3.421 முயற்சிகளில் விடை கிடைத்துவிடுமாம். நியூ யோர்க் டைம்ஸின் கணிப்பான் முதலில் ‘கிரேன்’ என்றது, சில மாதங்களின் பின் ‘ஸ்லேட்’ என்றது.

இவையெல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. நல்ல முதற்சொல் விடையாக அமைய வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் சொற்களை அது எத்தனை சிறு கூறுகளாகப் பிரித்துத் தருகிறது என்பதே முக்கியம். குளோட் ஷனன் 1948 இல் வகுத்த தகவற் கோட்பாட்டின் விளையாட்டு வடிவம் என்றே இதனைச் சொல்லிவிடலாம்.

அக்காவுக்கு ஆங்கில வேர்டில் பிடிக்கவில்லை. “உங்கட இங்கிலீசு சொல்லு யாருக்கு வேணும்?” என்று இரண்டே வாரத்தில் விலகிக்கொண்டார். 2022 இலேயே தமிழிலும் சில பதிப்புகள் இணையத்தில் தோன்றின. சிறிது காலம் அவற்றை ஆடிப் பார்த்தோம். பின்னர், நாமே ஏன் ஒரு சொல் வைத்து ஆடக்கூடாது என்று மருமகன் கேட்டான். அன்றிலிருந்து கொழும்பில் இருந்தபடி நாளொன்றுக்கு ஒரு நான்கெழுத்துத் தமிழ்ச் சொல்லை நான் மனதில் வைத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும், ஒரு குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறேன். அக்கா, மருமகன், மெல்பேர்ணில் இருக்கும் என் மகள் ஆகிய மூவரும் வட்ஸ்அப்பில் தங்கள் ஊகங்களை அனுப்புவார்கள். நான் நிறச் சதுரங்களைப் பதிலாக அனுப்புவேன்.

தமிழில் இது எளிதான காரியமல்ல என்பதைச் சொல் வைக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், நமக்கு 247. கொழுந்து என்பது நமக்கு நான்கு எழுத்து: கொ, ழு, ந், து. கணினிக்கோ அது எட்டுக் குறியீடுகள். ஒவ்வோர் எழுத்தையும் மெய்யென்றும் மேலேறும் குறியென்றும் பிரித்தே அது சேமிக்கிறது. தமிழில் இத்தகைய விளையாட்டை நிரலாக்கியவர்கள் முதலில் எண்ணத்தான் கற்பிக்க வேண்டியிருந்திருக்கும்.

‘அடியூ’ தந்திரமும் இங்கே செல்லாது. உயிரெழுத்துகள் நம் சொற்களின் தலையில் மட்டுமே நிற்பவை. ஆனால் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்குண்டு. எந்த எழுத்து முதலில் வரும், எது இறுதியில் வரும், எந்த மெய்யை எந்த எழுத்து தொடரும் என்பதையெல்லாம் நம் இலக்கணக்காரர்கள் முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். நன்னூலின்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் மொழிக்கு முதலில் வாரா. க், ச், த், ப் என்ற நான்கின் பின்னும் அவற்றின் இனமே வரும். இரண்டாம் இடத்தில் க் பச்சையாகிவிட்டதென்றால் மூன்றாம் இடத்தில் ககர வரிசையைத் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. ர், ழ் இரண்டும் தம்மைத்தாமே இரட்டிக்க மாட்டா. பரீட்சைக்கு மனனம் செய்து மறுநாளே மறந்த மெய்ம்மயக்கம் எழுபது வயதை நெருங்கும்போது பயன்படுமென்று யார் கண்டார்கள்? அக்கா மறந்தவரல்லர். பவணந்தியார் தம் பக்கத்தில் அமர்ந்து ஆடுவது போலத்தான் ஆடுவார். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ ஒலித்த நாட்களிலேயே, கொடுக்கப்படும் எழுத்தில் பாடல் வருமா வராதா என்பதைப் போட்டியாளர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

(தொல்காப்பியத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று மருமகன் ஒருமுறை குறும்பாகக் கேட்டான். அதன்படி சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிக்கு முதலில் வராது. சட்டம், சந்தை, சக்கரம் எல்லாவற்றையும் கைவிட வேண்டியிருக்கும். நன்னூலோடு நிறுத்திக்கொண்டோம். அதையும் லயம் என்ற சொல் மீறுகிறது. நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் பெயரே இலக்கணத்துக்குப் புறம்பானது.)

எந்த எழுத்துகள் மிகுதியாகப் புழங்குகின்றன என்பதற்கு எனக்கு வேறோர் ஆசான் உண்டு. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது அச்சுக்கோப்பவர்கள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துப் பெட்டியின் அறைகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. ம், து, க் போன்றவற்றுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய அறைகள். ஙகரத்துக்கும் ஔகாரத்துக்கும் ஏதோ ஒரு மூலை. பெரிய செய்தி வந்த இரவுகளில் ‘ம் தீர்ந்துபோச்சு’ என்று குரல் எழும். நாங்கள் வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுப்போம். ஆங்கில லைனோடைப் இயந்திரத்தின் விசைப்பலகையே அவர்களுடைய எழுத்துகளின் புழக்க வரிசையில் அமைந்திருந்தது. எங்களுக்கு அந்த வரிசை அச்சுக்கோப்பவரின் விரல்களில் இருந்தது.

இனி அக்கா தோற்ற கதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ‘தோட்டம்’ என்ற சொல்லை வைத்தேன். வழக்கம்போல் கொழுந்து வந்தது. நான்கும் சாம்பல். அடுத்து ‘பட்டம்’. ட், ட, ம் மூன்றும் பச்சை. இரண்டாம் முயற்சியிலேயே முக்கால் பங்கு முடிந்துவிட்டதென்று அக்கா எண்ணியிருப்பார். அங்கேதான் பொறி. கட்டம், வட்டம், மட்டம், திட்டம், ஆட்டம், ஓட்டம், ஊட்டம், கூட்டம், கோட்டம், நாட்டம், நோட்டம், வாட்டம், மூட்டம் என்று இந்த வாய்பாட்டில் அடங்கும் சொற்கள் 15க்குக் குறையாது. ஆங்கிலத்தில் லைட், நைட், ஃபைட் என்று நீளும் வரிசையில் அகப்பட்டவர்கள் வேறொரு சொல்லைப் பலிகொடுத்து முதலெழுத்துகள் பலவற்றை ஒரே தடவையில் சோதித்துக்கொள்ளலாம். தமிழில் ஆ, ஓ, ஊ மூன்றையும் ஒரே சொல்லில் போட இடமில்லையே! அக்கா கட்டம், கூட்டம், ஆட்டம், நாட்டம் என்று நான்கு முயற்சிகளையும் செலவிட்டுத் தோற்றார்.

விடையைச் சொன்னதும் தொலைபேசி ஒலித்தது. “தோட்டத்துலயே பொறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயே முப்பத்திரண்டு வருசம் படிச்சுக் குடுத்தவ. எனக்கா தோட்டம் தெரியாமப் போச்சு?” என்று சிரித்தார். எனக்கென்னவோ முழுதும் சிரிப்பாகக் கேட்கவில்லை.

அதன் பின்னரே நீல விதியைச் சேர்த்தோம். மெய் சரியாயிருந்து உயிர் மட்டும் மாறியிருந்தால், அது எந்த இடத்தில் இருந்தாலும் நீலம். தகரம் போட்டால் தோவுக்கு நீலம் கிடைக்கும். இந்த விதி வந்ததும் நான் என் முதற்சொல்லைக் கண்டுகொண்டேன்: தகவல். த, க, வ, ல் நான்கும் நன்றாகப் புழங்கும் எழுத்துகள், நான்கும் வெவ்வேறு இனம். சொல் வைப்பவன் நான் என்பதால் ஆட முடியாது என்பது வேறு விடயம். மருமகனும் மகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “ஒன் புது சட்டத்துப்படி பாத்தா கொழுந்துல இருக்க துவுக்கே நீலம் விழுந்திருக்கும். தோட்டம் அன்னைக்கே கெடைச்சிருக்கும்” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஆயினும் கணக்குப்படி கொழுந்து சிறந்த முதற்சொல்லன்று. ந் மூன்றாமிடத்திலும் து ஈற்றிலும் வருவது நல்ல சோதனைதான். மருந்து, விருந்து, பருந்து என்று பல சொற்கள் அந்த அச்சில் வார்க்கப்பட்டவை. ஆனால் ழு வீண். ழகரம் தமிழின் பெருமை, புதிரில் சுமை. இதை விளக்கி நான் நீண்ட குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியபோதுதான் அக்கா காரணம் சொன்னார். எங்கள் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அக்கா பள்ளியில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாட்களில் ஒரு மாலை, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நான் பறிக்கிறத எழுதிக் காட்டு” என்று கேட்டாராம். ஒற்றைக்கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் கொ, சுழியோடு ழு, புள்ளி வைத்த ந் என்று சிலேட்டில் எழுதுவதற்கு அந்த வயதில் கடினமான சொல். மூன்று முறை அழித்து எழுதியதாக அக்கா சொன்னார். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம். நான் அப்போது பிறந்திருக்கவில்லை. அதன் பிறகு முதற்சொல்லை மாற்றும்படி நான் கேட்டதில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் நடந்தது. ஒருநாள் மூன்றாம் முயற்சியாக அக்கா ‘பெரட்டு’ என்று அனுப்பினார். அது செல்லாது, வேறு சொல் அனுப்புங்கள் என்றேன். காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் பதிந்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் அணிவகுப்பைத் தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மரூஉ. தமிழ்ச் சொல்லன்று என்பது என் வாதம்.

“போன கெழம நீ என்ன சொல்லு வச்ச?” என்று கேட்டார்.

அலமாரி.

“அது எந்தச் சங்கத்துல இருந்து வந்துச்சு? சாவி, ஜன்னல் எல்லாம்? போர்த்துக்கேயன் குடுத்தா தமிழ், தொரை குடுத்தா தமிழில்லையா?”

பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததற்கு அக்கா அறியாத காரணமும் ஒன்றிருந்தது. உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் மலையக நிருபர்கள் அனுப்பும் செய்திகள் என் மேசைக்கே வரும், நானும் அப்பகுதியைச் சேர்ந்தவன் என்பதால். ‘பெரட்டுக்களத்தில் கைகலப்பு’ என்று வந்தால் ‘வேலை பகிரும் இடத்தில் கைகலப்பு’ என்று திருத்துவேன். கொந்தரப்பை ஒப்பந்த வேலையாக்கினேன். கவ்வாத்தைக் கிளை வெட்டுதல் ஆக்கினேன். எவரும் என்னைப் பணிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசகருக்குப் புரிய வேண்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் மேசையைத் தாண்டிச் செல்லும் பிரதியில் லயத்து வாடை வீசக்கூடாது என்ற கவலை எனக்கிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து மக்கள் பாடல்களைத் திரட்டிய அதே மலையிலிருந்து வந்தவன், சிவப்பு மை கொண்டு அச்சொற்களை அடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை என்று எனக்கே தெரியாது.

பெரட்டு செல்லும் என்று மறுநாள் அறிவித்தேன். மடுவம், தவறணை, கங்காணி எல்லாம் என் குறிப்பேட்டில் ஏறின.

எந்தச் சொல் செல்லும் என்பதோடு, எந்தச் சொல்லை எந்த நாளில் வைக்கலாம் என்பதும் வைப்பவனின் பொறுப்பாகிவிடுகிறது. 2022 மே மாதம், அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமை பற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்பின் வரைவு கசிந்து நாடே கொந்தளித்திருந்த வேளையில், முதல் ஆண்டே பட்டியலில் ஏற்றப்பட்டிருந்த கருச்சிசு என்று பொருள்படும் சொல் வேர்டிலின் விடையாக வந்து சேர்ந்தது. நியூ யோர்க் டைம்ஸ் அவசரமாக அதை மாற்றியும் சிலரின் திரையில் பழைய சொல்லே தோன்றியது. தற்செயல் என்று விளக்கமளித்தார்கள். அப்போது எனக்கு அது ஒரு சுவையான செய்தி மட்டுமே.

2025 நவம்பர் இறுதி வாரத்தில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவுகள், வீதிகள் துண்டிப்பு, மின்சாரமில்லை, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழப்பு. இருபத்தேழாம் திகதி காலை அக்காவிடமிருந்து கொழுந்து வந்தது. இருபத்தெட்டாம் திகதி வரவில்லை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2022 பெப்ரவரியில் நடந்த ஒன்று நினைவில் வந்து நின்றது. எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் தம் வேர்டில் சதுரங்களை வழக்கம்போல் மகளுக்கு அனுப்பாததால் பொலிசார் சென்று பார்த்தார்கள். அவரை ஒருவன் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தான். உயிரோடு மீட்டார்கள். எங்களுக்கோ சென்று பார்க்கச் சொல்ல ஆளில்லை, செல்ல வீதியும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து மருமகன் மணிக்கொரு தரம் அழைத்தான். “மாமா, ஏதாச்சும்?” என்பான். நாற்பது ஆண்டுகள் பிறருடைய பேரிடர்களை எண்ணிக்கையாக மாற்றித் தலைப்பிட்டவன் நான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரியும் இருக்கவில்லை. அந்நாட்களில் நான் சொல் எதுவும் வைக்கவுமில்லை.

டிசம்பர் இரண்டாம் திகதி முற்பகல் பத்து மணியளவில் கைத்தொலைபேசி ஒலித்தது. கொழுந்து.

விளையாட்டு இல்லாத நாளில் வந்த ஊகத்துக்கு என்ன நிறம் அனுப்புவது? நான்கு பச்சைச் சதுரங்களை அனுப்பிவிட்டு மருமகனை அழைத்தேன்.

பிறகு பேசினோம். தேயிலை மலைக்கு மேலேறி, அலைவரிசை கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு அனுப்பியிருக்கிறார். வீட்டுக்குச் சேதமில்லை. அவரிடம் படித்த சிலரின் குடும்பங்கள் வீடிழந்து பாடசாலையில் தங்கியிருந்தன. அங்கே சமையலுக்கு உதவிக்கொண்டிருந்தார். விளையாட்டை எப்போது தொடங்கலாம் என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு, “தம்பி, ஒன்னு. மண்மேடுன்னு மட்டும் வச்சிராத. இங்க புள்ளைகளும் பக்கத்துல ஒக்காந்து பாக்குதுங்க” என்றார்.

மண்மேடு. ம, ண், மே, டு. மெல்லினம் இரண்டு அடுத்தடுத்து வரும் நல்ல புதிர் என்று எண்ணி, அக்டோபரிலேயே டிசம்பர் 8க்கு நேராக அதை எழுதியிருந்தேன். அக்காவுக்கு அது தெரியாது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறிப்பேட்டை எடுத்து அடித்தேன்.

அன்றைக்கு மடுவம் வைத்தேன். அக்கா கொழுந்தில் ஒன்றும் கிடைக்காமல், முதன்முறையாகத் தகவலைக் கடன் வாங்கி, மூன்றாம் முயற்சியில் பிடித்துவிட்டார். மெல்பேர்ண் மகள் ஆறிலும் தோற்றாள். “மடுவம் என்றால் என்னப்பா?” என்று குழுவில் கேட்டிருந்தாள். நான் தட்டச்சுச் செய்யத் தொடங்குவதற்குள் அக்காவின் குரல்பதிவு வந்து விழுந்தது. கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையையும், தராசுக்கு முன் நிற்கும் வரிசையையும், கணக்கப்பிள்ளை கழிக்கும் இறாத்தல்களையும், அம்மா அங்கே எந்தப் பக்கம் நிற்பார் என்பதையும் சொல்லி, ஏழு நிமிடம் நீண்டது.